மெட்டா, சொல்லா? சண்டை யாருக்கு, சரக்கு யாருக்கு?

பாட்டில் பெரியது எது? மெட்டா, சொல்லா? இந்தக் கேள்வியைத் தூக்கி வைத்துக்கொண்டு நமது சங்கீதக் கனவான்கள் எண்பது வருஷத்துக்கும் மேலாக மல்லுக்கு நிற்கிறார்கள். 2024 ஏப்ரலில் இந்தச் சண்டை மறுபடியும் மூண்டது. இளையராஜா இசையமைத்த பாடல்களின் உரிமை பற்றி எக்கோ என்ற இசைத்தட்டுக் கம்பெனியோடு நடந்த வழக்கு அது. சென்னை உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீட்டு விசாரணையின்போது, பாட்டு எழுதியவரும் உரிமை கேட்டு வந்தால் என்ன ஆகும் என்று நீதிபதிகள் கேட்டார்கள். கேள்வி கோர்ட்டு வாசலைத் தாண்டி வீதிக்கு வந்தது. இசையும் மொழியும் சமம், சில பாட்டில் இது பெரிது, சில பாட்டில் அது பெரிது என்று கவிஞர் வைரமுத்து ஒரு சினிமா விழாவில் பேசினார். அண்ணனுக்காகக் கங்கை அமரன் சீறி எழுந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டின் டீக்கடைகளிலிருந்து ஆவடி ரயில் நிலையம் வரை இதே பேச்சு. தொழிலாளிகளும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள்.

பிரிந்து நிற்கட்டும், தவறில்லை. பாட்டு நம்முடையது, அதைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. ஆனால் தோழர்களே, நீதிமன்றத்தில் தராசில் ஏறியது பாட்டின் பெருமையா? இல்லை! பாட்டு என்ற சரக்கின் சொந்தம்! அதைப் பின்னால் பார்ப்போம். முதலில் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். பாட்டாளி என்ற சொல்லில் பாடும் இருக்கிறது, பாட்டும் இருக்கிறது. ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத விவகாரம் என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

'இசைக்கு மொழி இல்லை' என்ற பழைய தந்திரம்

1941ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாநாடு கூடியது. தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதுவரை மேடையில் தமிழுக்குக் கிடைத்த இடம் என்ன? கச்சேரி முடிகிற நேரத்தில், ஜனங்கள் செருப்பைத் தேடுகிற நேரத்தில், 'துக்கடா' என்ற பெயரில் ஒன்றிரண்டு உருப்படி! இந்த அநியாயத்தைக் கேட்டதும் சபாக்கள் துள்ளிக் குதித்தன. 1928ல் பிறந்த சென்னை மியூசிக் அகாதமி, சங்கீதத்தின் தரம்தான் முக்கியம், பாஷைப் பிரச்சினையை அதில் நுழைத்துத் தரத்தைக் கெடுக்கக்கூடாது என்று பதில் சொன்னது. ராகமும் லயமும் போதும், சொல் எதுவானால் என்ன என்பது அந்தக் கட்சியின் வாதம். 1943ல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கல்கி போன்ற எழுத்தாளர்கள் தமிழிசைக்காகப் பேனா பிடித்தார்கள்.

சொல் எதுவானால் என்ன என்று கேட்டவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். சொல் முக்கியமில்லை என்றால் தமிழ்ச் சொல் வந்தபோது மட்டும் ஏன் அத்தனை கோபம்? தெலுங்குச் சொல்லிலும் சமஸ்கிருதச் சொல்லிலும் தரம் கெடவில்லை. தமிழ்ச் சொல்லில் மட்டும் கெட்டுவிடுமோ? சொல் முக்கியமில்லை என்பவன் சொல்லை விட்டுவிடவில்லை. தனக்குப் பிடித்த சொல்லை வைத்துக்கொண்டான். உனக்குப் புரிகிற சொல்லைத்தான் வேண்டாம் என்றான்! தந்திரம் இதுதான்.

தியாகய்யரை இவர்கள் சாட்சிக்கு இழுப்பார்கள். 1767ல் பிறந்து 1847 வரை வாழ்ந்த அந்தத் திருவையாற்றுப் பாடகர் தெருவில் உஞ்சவிருத்தி எடுத்துப் பாடியவர். அவர் ஏன் தெலுங்கில் பாடினார்? அது அவர் வீட்டு மொழி. தாய் பேசிய மொழி. மனத்தில் இருந்ததைத் தெரிந்த மொழியில் கொட்டினார். அவரைப் பின்பற்றுவதென்றால் என்ன அர்த்தம்? அவரவர் மொழியில் பாடுவதுதானே! புரியாமல் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதா பின்பற்றுவது? வித்வான்கள் அர்த்தம் தெரியாமல் அதே உருப்படிகளை ஊருக்கு ஊர் திருப்பிப் பாடுவதைப் பற்றி பாரதியும் தன் கட்டுரையில் நொந்துகொண்டார்.

தமிழிசை இயக்கம் நியாயமான இயக்கம். அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வெற்றியோடு கதை முடிந்துவிட்டதா? அந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் ராஜா பட்டம் பெற்ற செல்வர். அவர்கள் கேட்டது தமிழ்ச் சொல். அந்தத் தமிழ்ச் சொல் யாருடைய வாழ்வைச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய பொறுப்பு நமது.

நந்தன் கேட்ட லீவு

ஓர் உதாரணம் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடினார். பெரிய புராணத்தில் நந்தனுக்கு ஆண்டை என்று ஒருவன் கிடையாது. கோபாலகிருஷ்ண பாரதியார்தான் நிலச்சொந்தக்காரரான வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்தார். தஞ்சை மாவட்டத்து மண்ணில் கண்ணால் கண்டதைக் கதையில் வைத்தார். நந்தன் பண்ணையாள். சிதம்பரம் போக ஆசைப்படுகிறான். ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் கெஞ்சுகிறான். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை.

இது என்ன கதை? லீவு கேட்ட கதை! ஒரு நாள் லீவுக்காகச் சூப்பர்வைசர் மேஜை முன்னால் கைகட்டி நிற்கிற பாடியிலுள்ள தொழிலாளிக்கு இதை யாராவது விளக்க வேண்டுமா? டார்கெட்டை முடித்துவிட்டுப் போ என்ற பதிலைக் கேட்டுக் காது புளித்துப்போன ஒப்பந்தத் தொழிலாளிக்கு அரும்பதவுரை வேண்டுமா? அந்தப் பாட்டு அவன் பாட்டு.

அதே பாட்டு டிசம்பர் சீஸனில் சபா மேடைக்குப் போகிறது. என்ன நடக்கிறது? ராகத்தின் வளைவு நெளிவுக்குத் தலைகள் ஆடுகின்றன. கைகள் தொடையில் தாளம் போடுகின்றன. கெஞ்சுகிறவன் பண்ணையாள் என்பதும், எதிரே நிற்பவன் நிலச்சொந்தக்காரன் என்பதும் அந்த மண்டபத்தில் எத்தனை பேர் காதில் விழுகிறது? சொல்லை மறந்து மெட்டை மட்டும் ரசிப்பதென்றால் இதுதான். வலியின் சொல்லை உருவி எறிந்துவிட்டு அதன் முனகலை மட்டும் ரசிக்கிறார்கள்! பசியோடு ஒருவன் அழுதால் 'ஆகா, என்ன சுருதி சுத்தம்!' என்று சொல்பவனை நம் ஊரில் என்னவென்று சொல்வார்கள்?

மெட்டுக்கு விலங்கு போட்டதுண்டா?

சொல்லின் பலம் நம்மைவிட ஆளுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1928ல் பிரிட்டிஷ் சர்க்கார் பாரதியின் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. பாரதி பாடிய மெட்டுகளில் பல, வண்டிக்காரனும் காவடி எடுப்பவனும் நொண்டி நாடகக்காரனும் பாடிய சிந்து மெட்டுகள். அந்தச் சிந்தை சர்க்கார் பறிமுதல் செய்ததா? இல்லை! காவடி சுதந்திரமாக ஆடிற்று. சொல்தான் பறிமுதலாயிற்று.

அது வெள்ளைக்காரன் காலம் என்று தள்ளிவிடாதீர்கள். 2015 அக்டோபரில், மதுக்கடைகளை மூடு என்று வீதியில் பாடிய பாடகர் கோவனை நள்ளிரவில் வீடு புகுந்து கைது செய்தது தமிழ்நாட்டுப் போலீஸ். தேசத்துரோகச் சட்டப் பிரிவும் அவர்மேல் பாய்ந்தது. அவர் பாடியதும் கிராமத்து மெட்டுதான். அதே மெட்டில் அம்மன் புகழ் பாடியிருந்தால் மாலை போட்டிருப்பார்கள். தலைவர் புகழ் பாடியிருந்தால் பதவி கொடுத்திருப்பார்கள். விலங்கு போட்டது எதற்கு? சொல்லுக்கு! எதிரி எதற்குப் பயப்படுகிறான் என்று பார்த்தால் நமது ஆயுதம் எது என்று தெரியும்.

அப்படியானால் மெட்டு எதற்கு?

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார்: 'சொல்தான் முக்கியமென்றால் துண்டுப் பிரசுரம் போதுமே, பாட்டு எதற்கு?' நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போகக்கூடாது.

மெட்டைக் குறைத்துப் பேசுவது நம் வேலையல்ல. தொட்டில் பிள்ளைக்குச் சொல் தெரியாது. தாலாட்டின் மெட்டு தெரியும். ஆடி மாதத்தில் திருவேற்காட்டுத் தெருக்களில் உடுக்கையும் பம்பையும் முழங்கினால், சொல் காதுக்கு எட்டும் முன்பே கால் ஆடுகிறது. இசை உடம்பைப் பிடிக்கிறது, மறுக்க முடியுமா?

ஆனால் உழைப்பாளிகள் மெட்டை வைத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஏற்றம் இறைத்தவன் பாடினான். சாலுக்கு ஒரு அடி, எண்ணிக்கை தப்பாமல் இருக்க. பாரம் இழுத்தவர்கள் 'ஐலசா' போட்டார்கள். இருபது தோளும் ஒரே நொடியில் முட்டுக்கொடுக்க. நடவு நட்ட பெண்கள் பாடினார்கள். கை ஒன்றாகப் போகவும் இடுப்பு வலி மறக்கவும். மெட்டு, கூட்டு உழைப்பின் மூச்சு. ஆனால் அந்த நடவுப் பாட்டின் சொல்லில் என்ன இருந்தது? வரப்பில் குடை பிடித்து நிற்கிற காரியக்காரன்மேல் குத்தல் இருந்தது. அளக்கிற மரக்கால் சிறுத்துப் போனதைப் பற்றிய கேலி இருந்தது. தூரத்தில் நிற்கிற மிராசுதாரருக்கு மெட்டு மட்டும் கேட்டது. 'ஆள்கள் சந்தோஷமாக வேலை செய்கிறார்கள்' என்று நினைத்தார். பக்கத்தில் நின்ற பெண்ணுக்குச் சொல் கேட்டது; அவள் சிரித்தாள். மெட்டு உறை, சொல் கத்தி!

உறையில்லாத கத்தியை மடியில் கட்ட முடியாது. கத்தியில்லாத உறையை வைத்துக்கொண்டு எதையும் அறுக்க முடியாது.

ஒரு பாட்டின் வரலாறு

உலகத் தொழிலாளர்களின் கீதம் பிறந்த கதை இதற்குச் சாட்சி. 1871ல் பாரீஸ் நகரத் தொழிலாளிகள் 72 நாள் தங்கள் ஆட்சியை நடத்தினார்கள். அந்தக் கம்யூனை ரத்தத்தில் மூழ்கடித்தார்கள். அதற்கு அடுத்த மாதம், ஒளிந்திருந்த நிலையில் எழுதினார் எழான் பொத்தியே. துணிக்குச் சித்திரம் வரையும் தொழில் செய்தவர் அவர். அவர் எழுதியதே 'இன்டர்நேஷனல்'. அதற்கென்று மெட்டு இல்லை. ஏற்கெனவே ஜனங்கள் அறிந்த மார்செய்யேஸ் மெட்டைத்தான் முதலில் அதற்குப் பொருத்தினார்கள். 1887ல் பொத்தியே இறந்தார். தன் பாட்டின் சொந்த மெட்டை அவர் காதால் கேட்டதில்லை.

1888ல் லீல் நகரத்தில் பியேர் தெகெய்த்தர் என்ற மரவேலைத் தொழிலாளி, தன் தொழிலாளர் பாடகர் குழுவுக்காக அதற்கு மெட்டமைத்தார். பதினேழு வருஷம் சொந்த மெட்டில்லாமல் கிடந்த சொல் அப்போது எழுந்து நடந்தது. எல்லையைத் தாண்டியது. உலகத்தின் பல மொழிகளுக்குப் போயிற்று. 1944 வரை சோவியத் நாட்டின் தேசிய கீதமாகவும் இருந்தது. மெட்டின் மகிமை இதுதான். சொல்லை ஒருவன் வாயிலிருந்து லட்சம் பேர் வாய்க்கு அது சுமந்து செல்கிறது.

இந்தக் கதைக்கு ஒரு வாலும் உண்டு. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமென்று தெகெய்த்தர் தன் முழுப் பெயரைப் போடவில்லை. குடும்பப் பெயரை மட்டும் போட்டார். பின்னால் அவருடைய சொந்தத் தம்பியே மெட்டு தன்னுடையதென்றார். கோர்ட்டு, வழக்கு! 1922ல்தான் பியேர் தெகெய்த்தருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. உலகமெல்லாம் பாடிய பாட்டு. மெட்டுப் போட்டவனோ அது தன்னுடையதென்று நிரூபிக்கக் கோர்ட்டுப் படி ஏறினான். சொத்து என்ற பூதம் நுழைந்த இடத்தில் சகோதரனுக்குச் சகோதரன் எதிரி!

சரக்கு யாருக்கு?

இப்போது நம் ஊர்க் கோர்ட்டுக்கு வருவோம். மெட்டா சொல்லா என்று கவிஞரும் இசையமைப்பாளரும் மோதுகிறார்கள். நடுவில் கல்லாப்பெட்டியைக் கையில் வைத்திருப்பவர் யார்? 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்துக்கு விளக்கம் சொன்ன உச்சநீதிமன்றம் 1977ல் என்ன தீர்ப்புக் கொடுத்தது? பணம் கொடுத்துப் படத்துக்காகப் பாட்டு எழுத வைத்தால், மெட்டுப் போட வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் சொந்தக்காரர் படத் தயாரிப்பாளரே என்றது. எழுதியவருக்கும் இல்லை, இசைத்தவருக்கும் இல்லை! முப்பத்தைந்து வருஷம் இதே நிலை. 2012ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான், எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் பங்கு பெறும் உரிமையை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது என்று ஆயிற்று. அந்தத் திருத்தத்துக்காகக் கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் சேர்ந்தே குரல் கொடுத்தார்கள். சேர்ந்து நின்றபோது கிடைத்தது. பிரிந்து நிற்கிறபோது லாபம் யாருக்கு என்று சொல்ல வேண்டுமா?

இன்னொரு கூட்டத்தையும் இந்தச் சண்டையில் மறந்துவிடுகிறார்கள். வயலின் வாசித்த முப்பது பேர், தபேலாவும் தவிலும் அடித்தவர்கள், கோரஸ் பாடிய பெண்கள். இவர்களுக்குப் பெரும்பாலும் கால்ஷீட் கூலியோடு கணக்குத் தீர்ந்தது. இவர்களுக்காகச் சங்கம் கட்டியவர் நம் தோழர் எம்.பி. சீனிவாசன். 1960ல் நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர். மெட்டமைக்கத் தெரிந்தவர், வாத்தியக்காரன் கூலிக்காக முதலாளியோடு வாதாடவும் தெரிந்தவர். இன்று வாத்தியக்காரன் இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்துவிட்டது. சொல்லையும் மெட்டையும் குரலையும் இயந்திரமே தயாரிக்கும் காலம் வந்திருக்கிறது. முதலாளிக்கு மெட்டும் பெரிதல்ல, சொல்லும் பெரிதல்ல. கூலி கேட்காத சரக்குதான் பெரிது!

பாட்டு ஜனங்களின் சொத்தாக முடியாதா? முடியும். பாரதியின் பாட்டுகளும் ஒரு காலத்தில் வியாபாரிகள் கையில்தான் கிடந்தன. எழுத்தாளர்களும் கலைஞர்களும் போராடினார்கள். 1949ல் சென்னை சர்க்கார் அந்த உரிமையை வாங்கியது. பின்னர் அதை ஜனங்களுக்கே பொதுவாக்கியது. இன்று பாரதியைப் பாட எந்தக் கம்பெனியிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

பட்டுக்கோட்டையின் பாடம்

சொல்லின் பக்கம் நிற்கிற நாமும் ஒரு விஷயத்தில் ஏமாறக்கூடாது. நல்ல சொல் ஒன்றே போதும் என்று நினைப்பது ஏமாற்று. தஞ்சை மாவட்டத்துச் செங்கப்படுத்தான்காட்டில் 1930ல் பிறந்தார் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். விவசாயிகள் இயக்கத்தில் வளர்ந்த நமது தோழர். சினிமாவில் அவர் எழுதியது சில வருஷங்கள்தான். உழவன் பேச்சும் மில் தொழிலாளி பேச்சும் அவர் பேனாவில் பாட்டாயின. வித்வான் பட்டம் பெற்றவனும் புரிந்துகொண்டான். தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவனும் புரிந்துகொண்டான். 1959 அக்டோபரில், 29 வயதில் மறைந்தார். திரையில் அந்தச் சொற்களுக்கு வாயசைத்த நாயகர் பின்னாளில் கோட்டை நாற்காலியில் அமர்ந்தார். ஏழைக்காக எழுதிய சொல் ஓட்டுப் பெட்டிக்கு வழிகாட்டிப் பலகையாயிற்று! நிலச்சொந்தக்காரன் நிலம் அப்படியே இருந்தது.

பாடம் என்ன? நல்ல சொல்லையும் திருடுவார்கள். சொல்லுக்குப் பின்னால் சங்கம் நிற்க வேண்டும். கன்னட நாட்டில் பிறந்த பி. சீனிவாசராவ் 1943ல் தஞ்சைக்கு வந்தார். தமிழைக் கற்றுக்கொண்டு பேசினார். சேரிக்குள் உட்கார்ந்து, அடித்தால் திருப்பி அடி என்று சொன்னார். அதில் ராகமும் இல்லை, தாளமும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லின் பின்னால் செங்கொடிச் சங்கம் நின்றது. 1944ல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தன.

நமது வேலை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தோழர்களுக்கு இதில் என்ன வேலை? நிறைய வேலை இருக்கிறது. 1964ல் அம்பத்தூர் எஸ்டேட் திறந்த காலத்து நிலைமை இன்று இல்லை. பக்கத்தில் நிற்கிறவன் ஒடியா பேசுகிறான், இந்தி பேசுகிறான், வங்காளி பேசுகிறான். கேட் கூட்டத்தில் நாம் தமிழில் முழங்கினால் அவன் கை தட்டுகிறான், விஷயம் எட்டவில்லை. அவனைப் பிரித்து வைத்துக் கூலியைக் குறைக்கிறான் முதலாளி. இங்கேதான் மெட்டா சொல்லா என்ற கேள்வி சபா மண்டபத்தை விட்டு ஆலை வாசலுக்கு வருகிறது.

'இன்டர்நேஷனல்' வழி காட்டுகிறது. மெட்டு ஒன்று, சொல் அவரவர் மொழியில்! மெட்டு எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தும். எதற்காக நிற்கிறோம் என்பதை அவனவன் தாய்மொழிச் சொல்தான் சொல்லும். தமிழனுக்குத் தமிழில் வேண்டும் என்று 1941ல் எழுந்த நியாயம், ஒடியாக்காரனுக்கு ஒடியாவில் வேண்டும் என்பதற்கும் நியாயம்தான். ஒவ்வொரு கிளையிலும் ஒரு பாட்டுக் குழு அமையுங்கள். வெளிமாநிலத் தோழனை அதில் முதல் வரிசையில் நிறுத்துங்கள். அவன் ஊர் மெட்டில் நம் கோரிக்கை ஒலிக்கட்டும். நம் தெம்மாங்கில் அவன் துயரம் ஒலிக்கட்டும்.

செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் பல இன்று வீட்டுமனையாகிவிட்டன. அந்த வயல்களில் நட்ட அம்மாக்களும் ஆயாக்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நெஞ்சில் நடவுப் பாட்டு இருக்கிறது. உட்கார்ந்து கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். நாளை ஒரு கம்பெனி அதை எடுத்துச் சரக்காக்குவதற்கு முன்னால் அது நம் சங்கத்தின் சொத்தாகட்டும். காரியக்காரனைக் கிண்டல் செய்த அந்த மெட்டில் லேபர் கான்ட்ராக்டரையும் கிண்டல் செய்யலாம்!

ஆகவே தீர்ப்பு இதுதான். மெட்டு நம்மைக் கூட்டுகிறது. சொல் நம்மை நடத்துகிறது. இரண்டும் வேண்டும். ஒன்றைத்தான் தேர்ந்தெடு என்று எவனாவது மிரட்டினால் நாம் சொல்லின் பக்கம் நிற்போம். ஏனென்றால் பொத்தியேயின் சொல் முதலில் இன்னொரு பாட்டின் மெட்டில் நடந்தது. பாரதியின் சொல் சிந்தில் நடந்தது. சொல் சொந்தமாக இருந்தது, ஜெயித்தது. வயிறார மெட்டு இருந்தும் வேறொருவன் சொல்லைப் பாடுகிறவன், வேறொருவன் தேரைத்தான் இழுக்கிறான்.

தோழனே, மெட்டை இரவல் வாங்கு, வெட்கமில்லை. சொல்லை இரவல் வாங்காதே!